நூறாம் வாய்

சிஷ்யனுக்கு வயசு நாற்பத்தெட்டு, குருவுக்கு முப்பத்திரண்டு. இதைக் கேட்டே பாதி ஊர் சிரித்துத் தீர்த்துவிட்டது. குரு பொம்பளை என்று தெரிந்ததும் மீதிப் பாதியும் சிரித்தது.

சிரிக்கட்டும். சிரித்தவர்களில் ஒருத்தனாவது மிளாவுக்கு இருபது எட்டு, அதாவது இருபது காலடி, பக்கத்தில் போய் நின்றிருக்கிறானா? கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவான்.

சிஷ்யன் பேர் பெத்தணன். ஜமீன் காலத்தில் மேற்கு மலை அடிவாரத்தில் வெள்ளாமைக் காவல் பார்த்தவன். மானும், மானைவிடப் பெரிய மிளாவும் இறங்கி வந்து துவரையை மொட்டையடிக்காமல் காப்பது அவன் வேலை. அவன் அப்பனும் தாத்தனும் பார்த்த வேலை. கையில் ஒரு துப்பாக்கி. வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் கெட்டித்துச் சுடுகிற துப்பாக்கி. ஒரு வெடிதான். அடுத்த வெடிக்குக் கெட்டித்து முடிப்பதற்குள் மான் அடுத்த மலையில் நிற்கும்.

குரு ஒச்சாயி. அவளுடைய அப்பன் துப்பாக்கி செய்கிறவர். அவர் போன பிறகு பட்டறையும் அவளுக்கு, கைப்பக்குவமும் அவளுக்கு. வேட்டைக்கும் போவாள். அவள் போன பக்கம் ஒரு வெடிதான் கேட்கும், இரண்டாவது வெடி கேட்டதே கிடையாது என்று சொல்வார்கள்.

துப்பாக்கி வாயை அந்த ஊரில் அளக்கிற விதம் இது. ஒரு ராத்தல் ஈயத்தை உருக்கி, அந்த வாய்க்குப் பொருந்துகிற குண்டாக வார்த்தால் எத்தனை தேறுமோ அதுதான் வாயின் பேர். நாற்பது தேறினால் நாற்பதாம் வாய். பன்னிரண்டே தேறினால் பன்னிரண்டாம் வாய். எண் குறையக் குறைய வாய் பெரிசு. புதுசாகக் கேட்கிறவர்கள் தலையைச் சொறிவார்கள், பிறகு பழகிவிடும்.

பெத்தணனுடையது நாற்பதாம் வாய். அதில்தான் வினை வந்தது.

தை மாதம் ஒரு சாயங்காலம். துவரங்காட்டில் ஒரு கொம்பன் மிளா மேய்ந்துகொண்டிருந்தது. வலக் கொம்பில் ஒரு கிளை கோணல், தூரத்திலிருந்தே தெரியும். பெத்தணன் நூற்றிருபது எட்டுத் தள்ளி நின்றான். கிட்டே போயிருக்கலாம். போகவில்லை. புகையிலையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு நின்ற இடத்திலிருந்தே சுட்டான்.

புகை விலகியபோது மிளா மண்டியிட்டிருந்தது. இவன் துண்டை உதறிக்கொண்டு ஓடுவதற்குள் எழுந்து காட்டுக்குள் போய்விட்டது. இலைகளில் இருபது முப்பது சொட்டு ரத்தம். அதன் பிறகு ஒன்றுமில்லை. நாலு நாள் தேடினான். உடலும் இல்லை, கழுகும் வட்டமிடவில்லை.

அந்த ஊரில் இதற்குப் பாதிக்கொலை என்று பேர். கொன்றவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பாதி கொன்றுவிட்டு வந்தவனை ஊரே கேட்கும்.

கோயிலடியில் வைத்து அவன் துப்பாக்கியின் வாயை மெழுகு வைத்து அடைத்தார்கள், மேலே சிவப்புத் துணி கட்டினார்கள். வேட்டைக்காரர் ஒவ்வொருத்தர் குண்டு அச்சிலும் ஓர் அடையாளம் உண்டு. பெத்தணன் குண்டில் பிறை. அந்தப் பிறைக்குண்டை அவன் மீட்டுக்கொண்டு வர வேண்டும். அந்த மிளாவைக் கொன்று எடுத்தாலும் சரி, செத்த இடத்தில் தேடி எடுத்தாலும் சரி. அதற்கு மட்டும் இன்னொருத்தர் துப்பாக்கியைக் கேட்டு வாங்கலாம். சித்திரை ஒன்றாம் தேதிக்குள் குண்டு வராவிட்டால் துப்பாக்கி கோயில் கிணற்றுக்குள் போகும். பிறகு அந்த வீட்டில் யாரும் துப்பாக்கியைத் தொட முடியாது.

பெத்தணனுக்குச் சோறு இறங்கவில்லை. துப்பாக்கி போய்விடுமே என்பது ஒரு பக்கம். எங்கோ ஒரு புதருக்குள் அது சாகவும் முடியாமல் கிடக்கிறதே என்பது இன்னொரு பக்கம், அதுதான் அவனைத் தின்றது. மாசிக் கடைசியில் தேன் எடுக்கப் போனவர்கள் வந்து, கோணல் கொம்பன் நடமாடுகிறது, ஓடைக்கு மேலே பார்த்தோம் என்றார்கள். அன்றைக்கே ஒச்சாயி பட்டறைக்குக் கிளம்பினான்.

"தாயி, மிளாவுக்கு எந்த வாய் நல்லது? சொல்லு."

ஒச்சாயி குழல் ஒன்றை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எத்தனை எட்டுலருந்து சுட்டீங்கண்ணே?"

"நூத்தி இருபது."

"எங்க பட்டுச்சு?"

"அது தெரியல."

"ம்."

"நாப்பதாம் வாய் பத்தல தாயி. குண்டு சின்னது. அதான் பொழச்சு ஓடிருச்சு. பெருசாக் குடு. ஒரே அடியில சாயணும்."

அரத்தை வைத்துவிட்டு எழுந்தாள். சுவரில் இருந்த பன்னிரண்டாம் வாயை எடுத்துக் கொடுத்தாள். கூடவே ஒரு குண்டு. நெல்லிக்காய் அளவு இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்ததும் பெத்தணனுக்கு ஒரு மாசத்துக்குப் பிறகு முகத்தில் களை வந்தது.

"இதுல்ல குண்டு!" என்றான்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தான். வலது தோள் நீலம் பாய்ந்திருந்தது.

"என்னண்ணே?"

"நூறு எட்டுல நின்னுச்சு. நெஞ்சைப் பாத்துத்தான் வச்சேன். குண்டு அதுக்கு முன்னாலயே மண்ணுல குத்திருச்சு தாயி."

"நெல்லிக்காய் கனம்ணே. தூரம் போகப் போக மண்ணைத் தேடும்."

"அப்ப எந்த வாய்தான் சரி?"

ஒச்சாயி உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து மெலிசான ஒரு துப்பாக்கியோடு வந்தாள். வாய்க்குள் சுண்டு விரல்கூட நுழையாது.

"நூறாம் வாய்" என்றாள்.

பெத்தணன் அவளையும் துப்பாக்கியையும் மாறி மாறிப் பார்த்தான். நூறாம் வாய்க் குண்டு சுண்டைக்காய் அளவு. அந்த ஊரில் முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் எடுப்பது.

"தாயி, வெளையாடுறியா? இதால மிளா சாகுமா?"

"சாகும். இருபது எட்டுக்குள்ள போயிரணும். காதுக்கும் கண்ணுக்கும் நடுவுல வைக்கணும்."

"இருபது எட்டா? எந்த மிளா நிக்கும் அதுவரைக்கும்?"

"அது உங்க பாடு."

ஓலை மடிப்பில் ஒரே ஒரு கேப்பு வைத்துக் கொடுத்தாள். துப்பாக்கிக் குதிரை வந்து விழும் இடத்தில் பொருத்துகிற சின்னச் செம்புத் தொப்பி. அது வெடித்தால்தான் உள்ளே மருந்து பற்றும்.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணு போதும்."

இந்தத் தரம் குண்டைத் தனியாகத் தரவில்லை, கெட்டித்தே இருக்கும் என்று பெத்தணன் துப்பாக்கியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். வாய்க்குள் கோல் விட்டு உள்ளே எவ்வளவு கெட்டித்திருக்கிறது என்று பார்க்கவில்லை. அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள். அடுத்தவர் கையால் வாங்கிய துப்பாக்கியில் கோல் விடுவது, சோறு போட்டவள் முன்னால் இலையை முகர்ந்து பார்க்கிற மாதிரி. அப்படி ஒரு மரியாதை.

"அண்ணே" என்றாள், அவன் திரும்பும்போது. "வாயைக் கழுவுங்க. புகையிலை வாடைக்கு மிளா உங்கள ஊருக்குள்ளயே மோந்துரும்."

முப்பது வருஷப் பழக்கம். அன்றைக்கு ஓடையில் துப்பியதுதான், பிறகு தொடவில்லை.

முதல் நாள் எண்பது எட்டில் மிளா தலையைத் தூக்கியது. ஒரு காலைத் தரையில் அடித்தது. காணோம்.

சாயங்காலம் பட்டறை வாசலுக்கு வந்து நின்றான்.

"இன்னிக்கு எத்தனை?"

"எம்பது."

"நாளைக்குப் பாருங்க."

மறுநாளும் எண்பது. அதற்கடுத்த நாள் காற்று திரும்பி நூற்றைம்பதிலேயே போய்விட்டது. அவள் ஒரு சின்னத் துணிப் பையில் சாம்பலைக் கட்டிக் கொடுத்தாள். அதைத் தட்டினால் சாம்பல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் காற்று. செருப்பைக் கழற்றினான். பிறகு தலைப்பாகையைக் கழற்றினான். சருகு இருக்கிற இடத்தில் காலை வைக்கக் கூடாது, வைத்தால் விரலை முதலில் ஊன்றி ஒரு மூச்சு நிறுத்தி அப்புறம் குதிகால் என்று அவனாகவே கண்டுபிடித்தான். மிளா மெல்லும்போது நகரலாம், அப்போது அதன் பல் சத்தமே அதன் காதை அடைக்கும். மெல்லுவதை நிறுத்தினால் இவனும் நிற்க வேண்டும், ஒரு கால் அந்தரத்தில் இருந்தாலும் சரி.

"இன்னிக்கு எத்தனை?"

"அறுவது."

பங்குனி பிறந்தது. வெயில் ஏறியது. ஊரில் கிண்டலும் ஏறியது. "என்னப்பா பெத்தணா, மிளாவுக்குக் கொசுவை வச்சு அடிக்கப் போறியாமே?" என்றார்கள். பழைய பெத்தணனாக இருந்தால் கை நீண்டிருக்கும். இவன் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு போனான்.

"இன்னிக்கு?"

"நாப்பத்தஞ்சு. மெல்லுற சத்தம் கேட்டுச்சு தாயி."

ஒச்சாயி முதல் முறையாக அரத்தை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

பங்குனி பதினெட்டாம் தேதி விடிந்து ஒரு நாழிகை இருக்கும். ஓடைக்கு மேலே கடுக்காய் மரத்தடியில் கோணல் கொம்பன் நின்றது. பெத்தணன் பாறையோரம் ஒட்டி, காற்றுக்கு எதிராக, ஒவ்வொரு எட்டாக வந்தான். முப்பது. இருபத்தைந்து. எண்ணிக்கொண்டே வந்தவன் இருபதில் நின்றான்.

அடேயப்பா!

வாழ்நாள் முழுக்க மிளா பார்த்தவன். பார்த்ததெல்லாம் மிளா இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தூரத்தில் பழுப்பாகத் தெரிந்த உடம்பு பழுப்பே இல்லை. பிடரி மயிரில் கறுப்பு, வயிற்றோரம் பொன், காலின் உள்பக்கம் வெண்ணெய். கண்ணுக்கு இமை மயிர் இருந்தது. மூக்கு ஈரமாக மினுங்கியது. மூச்சு விடும்போது விலா விரிந்து சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு, தன் மூச்சும் அதே கணக்கில் போவது தெரிந்தது. கடுக்காயைக் கடித்தபோது கடகடவென்ற சத்தம் தன் வாய்க்குள் கேட்ட மாதிரி இருந்தது. இவ்வளவு பெரிய உசிர் இவ்வளவு அமைதியாக நிற்குமா! உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது அவனுக்கு.

கேப்பைப் பொருத்தினான். துப்பாக்கியைத் தூக்கினான். காதுக்கும் கண்ணுக்கும் நடுவில்.

அப்போதுதான் காது தெரிந்தது. வலக்காது நடுவில் இரண்டாகக் கிழிந்து ஆறியிருந்தது. காதுக்குப் பின்னால், வலக் கொம்பின் அடித்தண்டில், சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. ஈயம்.

நூற்றிருபது எட்டிலிருந்து அவன் சுட்ட குண்டு காதைக் கிழித்துக்கொண்டு கொம்பில் போய்ப் பதிந்திருந்தது. அந்த அதிர்ச்சியில் மண்டியிட்டிருக்கிறது. அவ்வளவுதான். உடம்பில் வேறு காயமே இல்லை. பாதிக்கொலை என்று ஒன்று நடக்கவே இல்லை. இரண்டு மாசமாக எந்தப் புதருக்குள்ளும் எதுவும் சாகாமல் கிடக்கவில்லை.

பெத்தணனுக்கு அழுகை வந்தது. சத்தம் வரக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதான். துப்பாக்கி தூக்கியபடி இருந்தது, விரல் விசையில் இருந்தது.

சுட்டால் இந்த நிமிஷமே குண்டு கைக்கு வரும். வீட்டுத் துப்பாக்கி மிஞ்சும். சுடாவிட்டால்? மிளாக் கொம்பு பங்குனியிலோ சித்திரையிலோ உதிரும், அது அவனுக்குத் தெரியும். ஆனால் எந்த நாளில், எந்தப் பள்ளத்தில் உதிரும் என்று யாருக்குத் தெரியும்? இருப்பது பன்னிரண்டு நாள். காடு பெரிசு.

அது தலையைத் தூக்கி அவன் இருந்த பக்கம் பார்த்தது. பார்த்துவிட்டு இன்னொரு கடுக்காயை எடுத்தது.

துப்பாக்கியை இறக்கினான். கேப்பைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டான்.

அன்றைக்கு அவன் பட்டறைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. விடிந்தால் காடு, அடைந்தால் வீடு. மிளா எங்கே போனதோ இருபது எட்டுத் தள்ளி இவனும் போனான். அது படுத்தால் இவன் உட்கார்ந்தான். அது ஓடையில் இறங்கிச் சேற்றில் புரண்டால் இவன் கரையில் இருந்து சிரித்தான். ஊரில் ஆளாளுக்குச் சொன்னார்கள், பெத்தணனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று. பெண்டாட்டி மட்டும் கம்பங்கூழைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள்.

பங்குனி இருபத்தெட்டாம் தேதி ஒரு கொம்பு விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தான். இடக் கொம்பு.

"அட சாமி, அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். மிளா காதைத் திருப்பியது. ஆனால் ஓடவில்லை. ஒற்றைக் கொம்போடு தலை ஒரு பக்கம் சாய, சரிந்த தராசு மாதிரி நடந்து போனது.

இருபத்தொன்பது போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. முப்பதாம் தேதி, பங்குனியின் கடைசி நாள், மத்தியானம் வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. பெத்தணன் மனசுக்குள் துப்பாக்கியைக் கிணற்றில் போட்டுவிட்டான். போட்ட பிறகு பாரம் குறைந்தது. போனால் போகிறது, பார்த்ததை யார் பிடுங்க முடியும் என்று உட்கார்ந்திருந்தான்.

வெயில் சாயும்போது மிளா ஒரு வெக்காலி மரத்தில் கொம்பை உரசியது. உரசி, நிறுத்தி, தலையை ஒரு உதறு உதறியது. தொப்பென்று விழுந்தது.

மிளா குனிந்து, விழுந்ததை ஒரு தரம் மோந்தது. பிறகு மொட்டைத் தலையோடு மேட்டில் ஏறிப் போய்விட்டது. அது போன திசையைப் பார்த்துப் பெத்தணன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டான்.

மறுநாள் சித்திரை ஒன்று. கோயில் பூசாரி கொம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நசுங்கிய ஈயத்தில் பிறை பாதி தெரிந்தது. கூட்டத்தில் சிரித்தவர்களும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒரு மிளாவின் கொம்பு உதிர்கிற நேரத்தில் கூடவே இருந்தவன் என்று அந்த ஊரில் அதுவரைக்கும் யாரும் கிடையாது. பூசாரி சிவப்புத் துணியை அவிழ்த்து, மெழுகைச் சுரண்டி எடுத்து, நாற்பதாம் வாயை அவன் கையில் கொடுத்தார்.

அதைத் தோளில் போட்டுக்கொண்டு, நூறாம் வாயைக் கையில் பிடித்துக்கொண்டு, நேரே பட்டறைக்கு வந்தான்.

ஒச்சாயி குழலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொம்பை அவள் முன்னால் வைத்தான். அவள் அந்த ஈயப் பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். வெகு நேரம் தொட்டபடியே இருந்தாள். அவள் கண்ணும் கலங்கியது.

"எங்க பட்டுச்சுன்னு இப்பத் தெரியும் தாயி" என்றான்.

"ம்."

"நாளையிலருந்து மறுபடியும் காவலுக்குப் போகணும். துவரைய மேய மானும் மிளாவும் வரும், சுட வேண்டியும் வரும். அன்னைக்குக் கேட்டதையே கேக்குறேன். நீங்க சொல்லுங்க. மிளாவுக்கு எந்த வாய்?"

ஒச்சாயி மூலையில் இருந்த கெட்டிக்கோலை எடுத்து நீட்டினாள்.

"அந்த நூறாம் வாயில விட்டுப் பாருங்க."

"உங்க கையால வாங்குனது. அதுல நான் எப்படிக் கோல் விடுறது?"

"நாந்தானே சொல்றேன். விடுங்க."

தயங்கித் தயங்கி நூறாம் வாய்க்குள் கோலை விட்டான். குண்டும் மருந்தும் இருந்தால் நாலு விரற்கடை மேலேயே நிற்க வேண்டும். கோல் வழுக்கிக்கொண்டு போய் அடி இரும்பில் மோதியது. ணங்கென்ற சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டது.

இன்னொரு தரம் விட்டான். ணங்.

பெத்தணன் துப்பாக்கியைப் பார்த்தான். கோலைப் பார்த்தான். மடியை அவிழ்த்து அந்த ஒற்றைக் கேப்பை எடுத்துப் பார்த்தான்.

"தாயி, அன்னைக்கு நான் சுட்டிருந்தா?"

ஒச்சாயி அரத்தைக் கையில் எடுத்தாள்.

"சுட்டிருந்தீங்கன்னா, எந்த வாய்னு நான் சொல்ல வேண்டியிருந்திருக்கும்ணே."